ஓதுவது கண்ணா, மனனமா?

(நமது மதரஸா கூடத்தில் நடைபெற்ற கண் பரிசோதனை முகாமின் தொடக்கத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

மருத்துவக் குழுவினர் கருவிகளைப் பொருத்திக் கொண்டிருக்கிறார்கள். அதற்கு அரைமணி நேரம் ஆகும் என்றும், அதுவரை நான் பேச வேண்டும் என்றும் முத்தவல்லி அவர்கள் பணித்தார்கள். சென்ற ஆண்டு இதே கூடத்தில் எனக்கு நேர்ந்ததைச் சொன்னால் போதும் என்று எண்ணுகிறேன். உங்களில் சிலர் அதை அரைகுறையாகக் கேள்விப்பட்டிருப்பீர்கள்.

அன்று நாற்காலிகள் காலியாக இருந்தன. முதலில் உட்கார எவரும் முன்வரவில்லை. இமாம் அமர்ந்தால் மற்றவர்களும் அமர்வார்கள் என்று கூறிச் செயலாளர் என்னை அழைத்துச் சென்றார். எனக்குச் சர்க்கரை நோய் வந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனால் கண்ணில் குறை உண்டு என்ற எண்ணம் துளியும் இல்லை. நாள்தோறும் ஃபஜ்ருக்குப் பின் ஒரு ஜுஸ்உ ஓதுபவனுக்குக் கண்ணில் என்ன குறை இருந்துவிட முடியும் என்ற துணிவுடன் அமர்ந்தேன். இடது கண்ணை உள்ளங்கையால் மூடச் சொன்னார்கள். எழுத்துப் பலகையின் கடைசிக்கு முந்தைய வரி வரை படித்தேன். பிறகு வலது கண்ணை மூடச் சொன்னார்கள். உச்சியிலிருந்த பெரிய எழுத்தும் அதற்கடுத்த வரியும் தெரிந்தன. அதற்குக் கீழே எல்லாம் எறும்புகள் ஊர்வதுபோல இருந்தது. எழுத்துகளின் நடுப்பகுதி வளைந்து காணப்பட்டது. பலகையை மாற்றிவிட்டார்களோ என்று கையை எடுத்துப் பார்த்தேன். அதே பலகைதான்.

இத்தனை காலம் இது எனக்கு ஏன் தெரியவில்லை? நல்ல கண் மற்றதன் குறையை மறைத்துவிட்டது என்பது ஒரு காரணம். மருத்துவர்களும் அதைத்தான் சொன்னார்கள். அவர்கள் சொல்லாத மற்றொரு காரணத்தை நான் பின்னர் உணர்ந்தேன். ஓதும்போது என் கண் ஒரு சொல்லை முழுமையாகக் காண்பதற்கு முன்பே நாவு அதைச் சொல்லி முடித்துவிடுகிறது. நான் பார்த்து ஓதுவதாக எண்ணிக் கொண்டிருந்தது பெரும்பாலும் மனனத்திலிருந்து வந்தது. இது எனக்கு மட்டும் உரியதன்று. நம் மஹல்லாவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர், எண்பதை நெருங்குபவர், கண்ணாடி இல்லாமலேயே யாஸீன் ஓதுவதாகப் பெருமையுடன் சொல்வார். ஒருநாள் அவர் ஓதிக் கொண்டிருக்கையில் இரண்டு தாள்கள் ஒட்டிக் கொண்டு ஒன்றாகப் புரண்டன. அவருடைய ஓதல் ஓரிடத்திலும் தடைபடவில்லை! அருகில் இருந்த நான் அன்று சிரித்துக் கொண்டேன். என் நிலையும் அதுதான் என்பதை அறியவில்லை.

எனவே "எனக்கு நன்றாகத் தெரிகிறது" என்று சொல்லி யாரும் இன்று வீட்டுக்குத் திரும்ப வேண்டாம். தெரிகிறதா என்பதை உங்கள் வாய் சொல்வதற்கும் பலகை சொல்வதற்கும் வேறுபாடு உண்டு. இந்தப் பலகையை 1862-ஆம் ஆண்டு நெதர்லாந்து நாட்டு மருத்துவர் ஹெர்மன் ஸ்னெல்லன் என்பவர் வகுத்தார். அதில் உள்ள எழுத்துகள் எந்தச் சொல்லாகவும் சேராதவை. ஊகித்துச் சொல்ல வழியில்லை. சீட்டில் 6/6 என்று எழுதுவார்கள். மேலே உள்ள எண் நீங்கள் அமர்ந்திருக்கும் தொலைவு, அதாவது 6 மீட்டர். கீழே உள்ள எண், அதே வரியைக் குறையற்ற கண் எத்தனை மீட்டர் தொலைவிலிருந்து படிக்கும் என்பது. என் இடது கண்ணுக்கு 6/36 என்று எழுதினார்கள். பிறர் 36 மீட்டர் தொலைவில் நின்று படிப்பதை நான் 6 மீட்டருக்குள் வந்தால்தான் படிக்க முடியும் என்று பொருள். எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்கள் இதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை. மூன்று கால்களைக் கொண்ட ஒரு குறி, நான்கு திசைகளிலும் திரும்பித் திரும்பி நிற்கும் பலகை ஒன்று உண்டு. கால்கள் எந்தப் பக்கம் நீட்டியுள்ளன என்பதை விரலால் காட்டினால் போதும்.

அடுத்து, நடுவில் ஊசித் துளை இட்ட கறுப்பு வில்லை ஒன்றைக் கண் முன் வைத்தார்கள். மிகச் சிறிய சோதனை, செலவே இல்லாதது. அத்துளை வழியே பார்க்கையில் மங்கிய வரி தெளிந்தால், குறை பெரும்பாலும் கண்ணாடியால் நீங்கக் கூடியது. தெளியாவிட்டால் காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும். எனக்குத் தெளியவில்லை. கருவியை வைத்திருந்த பெண் ஒன்றும் பேசாமல் என் சீட்டில் சிவப்பு மையால் ஒரு குறி இட்டார்.

கண்ணைப் பற்றிய கல்விக்கு நம் முன்னோர் தந்த பங்கை இங்கு ஒரு சொல்லால் நினைவுகூர்கிறேன். 965-இல் பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைஸம், பொருள்களிலிருந்து வரும் ஒளி கண்ணுக்குள் நுழைவதாலேயே பார்வை உண்டாகிறது என்று 'கிதாபுல் மனாளிர்' நூலில் நிறுவினார். கண்ணிலிருந்து ஒளி புறப்படுகிறது என்று பலரும் நம்பிய காலம் அது. பக்தாதில் அலீ இப்னு ஈஸா கண் நோய்களுக்கென்றே தனி நூல் எழுதினார். கண் மருத்துவருக்குக் 'கஹ்ஹால்' என்றே அரபியில் பெயர். ஆயினும் அவர்களில் எவராலும் உயிருள்ள மனிதனின் கண்ணுக்குள் நோக்க முடியவில்லை. கண்மணி கறுப்பாகத் தெரிவதற்குக் காரணம் உள்ளே இருள் என்பதன்று. உள்ளே சென்ற ஒளி வந்த வழியே திரும்புகிறது. அவ்வழியில் பார்ப்பவரின் தலை குறுக்கே நின்று ஒளியை மறைத்து விடுகிறது. ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851-இல் வெளியிட்ட கருவி இந்தத் தடையைக் கடந்தது. நோக்குபவரின் பார்வையையும் ஒளியையும் அது ஒரே பாதையில் செலுத்தியது. அன்றுதான் விழித்திரை முதன்முதலாகக் காணக் கிடைத்தது.

இனி இன்று நீங்கள் காணவிருப்பவற்றுக்கு வருகிறேன். தாடையைத் தாங்கியில் வைத்து, நெற்றியைப் பட்டையில் ஒட்டி அமரச் செய்வார்கள். அதற்கு ஸ்லிட் லேம்ப் என்று பெயர். கத்திமுனை போன்ற மெல்லிய ஒளிக்கீற்றைச் சாய்வாகப் பாய்ச்சி, கருவிழியையும் விழியாடியையும் அடுக்கடுக்காகப் பெரிதுபடுத்திக் காட்டும். உப்பளத்தில் உழைக்கும் நம் சகோதரர்களுக்கு இது இன்றியமையாதது. வயலில் வேலை செய்பவருக்கு வெயில் மேலிருந்து வருகிறது. பாத்தியில் உப்பு வாருபவருக்கு மேலிருந்தும் வருகிறது, கீழிருந்தும் வருகிறது. தலைப்பாகையும் குடையும் கீழிருந்து வரும் வெயிலைத் தடுக்கா. பல்லாண்டுகள் அவ்வாறு உழைத்தவர்களின் கண்ணில், மூக்கின் பக்கத்திலிருந்து முக்கோணமாகச் சதை வளர்ந்து கருவிழியின் மேல் ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். வெயிலின் புறஊதாக் கதிர்களுக்கு அதில் பங்குண்டு, கண்புரைக்கும் உண்டு. அந்தச் சதை கருவிழியின் நடுவை எட்டுவதற்கு முன் அளந்து வைத்துக் கொண்டால், அது வளர்கிறதா நின்றுவிட்டதா என்பது அடுத்த ஆண்டு தெரியும். இலைச்சாறு பிழிவதும் தாய்ப்பால் விடுவதும் வேண்டாம். தூசு விழுந்து கண் சிவந்தால் மஞ்சள் நிறச் சாயத் தாளைத் தொட்டு நீல ஒளியில் பார்ப்பார்கள். கருவிழியில் கீறல் இருந்தால் அவ்விடம் பச்சையாக ஒளிரும். சாறு விட்ட கண்ணில் அந்தக் கீறல் புண்ணாகி, தழும்பாகி விடுகிறது.

அதன்பின் கண்ணின் அழுத்தத்தை அளப்பார்கள். சில இடங்களில் காற்றை ஊதி அளக்கும் கருவி உண்டு. திடுக்கிடச் செய்யும், வலிக்காது. மரத்துப்போகும் சொட்டு இட்டு, கருவிழியை மென்மையாகத் தொட்டு அளக்கும் கோல்ட்மன் முறையே நம்பகமானதாகக் கருதப்படுகிறது. பெரும்பாலோருக்கு 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரச அளவுக்குள் இருக்கும். இந்த எண்ணை மட்டும் பார்த்து நிம்மதியடைய வேண்டாம். குளுக்கோமா என்னும் கண் நீர் அழுத்த நோய், அழுத்தம் 21-க்குள் இருப்பவர்களுக்கும் வருகிறது. அதனால்தான் கண் நரம்பைப் பார்க்கிறார்கள், கருவிழியின் கனத்தை அளக்கிறார்கள், ஓரப் பார்வையையும் சோதிக்கிறார்கள்.

இந்த நோய்க்கு வலி இல்லை. நடுப்பார்வை கடைசி வரை தெளிவாக இருக்கும். சுற்றிலும் உள்ள பார்வை ஓரத்திலிருந்து அரித்துக் கொண்டே வரும், கரையைக் கடல் அரிப்பதுபோல. பலகையில் 6/6 படிப்பவருக்கும் இது இருக்கலாம். மதுரை, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களின் கிராமங்களில் 40 வயதைக் கடந்த 5,150 பேரைச் சோதித்து அரவிந்த் கண் மருத்துவமனையினர் செய்த ஆய்வு 2003-இல் வெளிவந்தது. அவர்களில் 2.6 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருந்தது. அவ்வாறு கண்டறியப்பட்டவர்களில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர், தமக்கு இந்நோய் இருப்பதை அதற்கு முன் அறியாதவர்கள். ஐந்தில் ஒருவருக்கு ஒரு கண்ணிலோ இரு கண்களிலோ பார்வை போய்விட்டிருந்தது. போன பார்வையை எந்த மருந்தும் மீட்காது. எஞ்சியதைக் காக்கத்தான் சொட்டு மருந்து. பெற்றோருக்கு இந்நோய் இருந்தால் பிள்ளைகளும் சோதித்துக் கொள்ள வேண்டும். இதைத் தாய்மார்கள் வெளிநாட்டில் இருக்கும் மக்களுக்குத் தொலைபேசியில் சொல்லி விடுங்கள்.

ஓரப் பார்வைச் சோதனை பலருக்கும் எரிச்சலூட்டும். இருண்ட கிண்ணம் போன்ற ஒன்றுக்குள் முகத்தை வைத்து, நடுப்புள்ளியை விட்டுக் கண்ணை அகற்றாமல், அங்கங்கே மின்னும் ஒளிப்பொட்டு தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். நம் முன்னாள் தலைவர் ஒருவர் பாதியில் உறங்கிவிட்டதாக அவரே சொல்லிச் சிரித்தார். அந்த அறிக்கை பயன்படாமல் போய், மறுமுறை சென்றார். பல பொட்டுகளை வேண்டுமென்றே மிக மங்கலாகக் காட்டுவார்கள். தெரியாதபோது பேசாமல் இருப்பதே சரியான விடை. தோற்றுவிட்டோம் என்று பதறிக் கண்டபடி அழுத்த வேண்டாம்.

இனி, பலர் பாதியில் எழுந்து போய்விடும் இடம். கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து! இதை இட்டபின் இருபது, முப்பது நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். பின்னர் சில மணி நேரம் எழுத்து மங்கும், வெளிச்சம் கூசும். ஆனால் இதை இடாமல் விழித்திரையின் ஓரங்களைப் பார்க்க இயலாது. கதவை விரலளவு திறந்து வைத்துக் கொண்டு அறை முழுவதையும் பெருக்கியாயிற்று என்று சொல்ல முடியுமா? முன்பு இந்தச் சொட்டால் கடும் கண்வலியும் தலைவலியும் வந்திருந்தால் முன்னதாகவே சொல்லுங்கள். சிலருக்குக் கண்ணின் நீர் வடியும் கோணம் குறுகியிருக்கும். அதைப் பார்த்த பிறகே சொட்டு இடுவார்கள்.

சொட்டு இட்டவர்கள் அன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டி ஓட்டக் கூடாது. துணைக்கு ஒருவரை அழைத்து வாருங்கள். உப்பளத்திற்கு அன்று போகவே கூடாது. விரிந்த கண்மணியோடு வெண்ணிற உப்பின் நடுவே நின்றால் கண் திறக்க இயலாது. கோடையில் முகாம் வைத்தபோது கூலி போகிறதே என்று பாதிப் பேர் வரவில்லை. அவர்கள் மீது குற்றம் சொல்ல எனக்கு நாவெழவில்லை, ஒருநாள் கூலி என்பது ஒரு குடும்பத்தின் இரண்டு நாள் சோறு. மழை தொடங்கிப் பாத்திகள் நீரில் மூழ்கியிருக்கும் இக்காலத்தில் முகாமை வைக்குமாறு நிர்வாகத்திடம் நான் மன்றாடியது அதற்காகத்தான். வேலை இல்லாத மாதங்களில் கண்ணைக் காட்டி விடுங்கள்.

என் கதைக்கு வருகிறேன். சிவப்புக் குறியிட்ட சீட்டுடன் புதுச்சேரிக்கு அனுப்பினார்கள். 1976-இல் மதுரையில் ஒரு வாடகை வீட்டில் 11 படுக்கைகளுடன் மருத்துவர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் மருத்துவமனை, 2003-இல் புதுச்சேரி தவளக்குப்பத்திலும் வந்தது. ஜிப்மரும் அங்கே இருக்கிறது. முன்போல் நம்மவர்கள் சென்னைக்கு விடியற்காலை பஸ் பிடிக்க வேண்டியதில்லை. அங்கே கண்மணியை விரித்து, விழித்திரையை வண்ணப் படம் எடுத்தார்கள். மருத்துவர் அதைத் திரையில் காட்டினார். ஆரஞ்சு நிறத் தளத்தில் சிவந்த புள்ளிகளும் மெழுகு சிந்தியது போன்ற மஞ்சள் திட்டுகளும் இருந்தன. சர்க்கரையால் மெலிந்த நுண் குழாய்கள் கசிந்த அடையாளம் அது என்றார்.

பிறகு ஓ.சி.டி. என்னும் படம். 1991-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தைச் சேர்ந்த குழுவினர் உலகுக்கு அறிவித்த முறை இது. ஊசியும் இல்லை, எக்ஸ்ரேயும் இல்லை. ஒளியைச் செலுத்தி, விழித்திரையின் ஒவ்வோர் அடுக்கிலிருந்தும் அது திரும்பும் வேறுபாட்டைக் கொண்டு, குறுக்கே வெட்டிப் பார்த்ததுபோல் காட்டுகிறது. ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் சில பங்கையும் அது பிரித்தறியும். நலமான கண்ணில் நடுவே ஒரு சிறு பள்ளம் இருக்கும். என் வலது கண்ணில் அப்பள்ளம் இருந்தது. இடது கண்ணில் பள்ளம் மேடாகியிருந்தது, உள்ளே நீர் கோத்திருந்தது. எழுத்தின் நடு ஏன் வளைந்தது என்பது அப்போது விளங்கிற்று.

சிலருக்கு ஆஞ்சியோகிராம் தேவைப்படும். அந்தச் சொல்லைக் கேட்டு நெஞ்சுக்கோ என்று அஞ்ச வேண்டாம். கை நரம்பில் மஞ்சள் சாயத்தை ஏற்றி, அது விழித்திரைக் குழாய்களில் ஓடுவதையும் கசிவதையும் தொடர்ந்து படம் எடுப்பார்கள். 1961-இல் இதை வெளியிட்டவர்கள் அமெரிக்காவின் மருத்துவ மாணவர் இருவர். தம்மில் ஒருவரின் கண்ணிலேயே முதலில் சோதித்தார்கள். சிலருக்குச் சற்றுக் குமட்டும். தோல் சில மணி நேரம் மஞ்சளிக்கும், சிறுநீர் மறுநாள் வரை அடர்ந்த மஞ்சளாகப் போகும். காமாலை என்று பதற வேண்டாம். ஒவ்வாமை உள்ளவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

2005-இல் வெளியான சென்னை ஆய்வொன்று, நகரில் சர்க்கரை நோய் உள்ளவர்களில் 17.6 விழுக்காட்டினருக்கு விழித்திரை பாதிக்கப்பட்டிருப்பதைக் கண்டது. ஏறத்தாழ ஆறில் ஒருவர். இந்தக் கூடத்தில் சர்க்கரைக்கு மாத்திரை விழுங்குவோர் கை உயர்த்தினால் எத்தனை கைகள் எழும் என்பது எனக்குத் தெரியும், மருந்துக்கடைக்காரருக்கும் தெரியும்! அவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையேனும் விழித்திரையைக் காட்ட வேண்டும். இவ்வளவு பேரைப் பார்க்க மருத்துவர்கள் போதாது என்பதால், படத்தைக் கணினியே படித்துச் சொல்லும் முறையும் வளர்ந்திருக்கிறது. அதுபற்றிக் கூகுள் ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வுக்கு அரவிந்த், சங்கர நேத்ராலயா ஆகிய நம் மருத்துவமனைகளின் படங்களும் பயன்பட்டன.

எனக்குக் கண்ணுக்குள் ஊசி போட்டார்கள். கேட்கும்போது உடல் நடுங்கும், போடும்போது அவ்வளவு இல்லை. மாதம் ஒன்றாகப் பல ஊசிகளுக்குப் பின் இடது கண் 6/18 ஆயிற்று. முழுவதும் திரும்பவில்லை. முதல் ஆண்டிலேயே காட்டியிருந்தால் இவ்வளவு இழந்திருக்க மாட்டீர்கள் என்று மருத்துவர் மெதுவாகத்தான் சொன்னார். அந்த நான்கு ஆண்டுகளில் இந்த ஊரில் முகாம் நடந்தது, நானே மிம்பரில் நின்று அறிவிப்புச் செய்தேன்.

கண்புரைக்காரர்களுக்கு ஒரு செய்தி. புரை நன்றாகப் பழுக்கட்டும் என்று காத்திருப்பது பழங்காலப் பேச்சு. முற்றிப் போனால் உள்ளே விழித்திரையைப் பார்க்க முடியாமல், இமை மீது வைத்து ஒலி அலையால் ஸ்கேன் எடுத்துத்தான் அறிய வேண்டியிருக்கும். அறுவைக்கு முன் கண்ணின் நீளத்தையும் கருவிழியின் வளைவையும் அளப்பார்கள். உள்ளே வைக்கும் லென்ஸின் பவர் அந்தக் கணக்கிலிருந்தே வருகிறது. நீளத்தில் 1 மில்லிமீட்டர் பிழைத்தால் ஏறத்தாழ 2.5 முதல் 3 வரை பவர் மாறிவிடும். எனவே அளக்கும்போது அசையாதிருங்கள்.

நோன்பு பற்றிப் பலர் கேட்கிறார்கள். குளுக்கோமாவுக்குச் சொட்டு இடுபவர்களில் சிலர் ரமளான் முழுவதும் பகல் சொட்டை நிறுத்திவிடுகிறார்கள் என்பதை அறிந்து வருந்தினேன். ஷாஃபிஈ, ஹனஃபீ ஆகிய இரு மத்ஹபுகளிலும் கண்ணில் சுர்மாவோ மருந்தோ இடுவதால் நோன்பு முறியாது, தொண்டையில் அதன் கசப்பு தெரிந்தாலும் சரியே. ஒரு மாதம் மருந்து நின்றால் அழுத்தம் ஏறுகிறது, நரம்பு தேய்கிறது. இதில் ஐயமுள்ளவர்கள் என்னிடம் தனியே வாருங்கள், நூலை எடுத்துக் காட்டுகிறேன்.

பழைய சீட்டுகளையும் படங்களையும் எறிந்து விடாதீர்கள். சென்ற ஆண்டுப் படம் இருந்தால்தான் இந்த ஆண்டுப் படத்துக்குப் பொருள். ஒரு துணிப்பையில் போட்டு, நிலப்பத்திரம் வைக்கும் பெட்டியிலேயே வையுங்கள்.

கருவிகள் தயார் என்று கை காட்டுகிறார்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களும் நாற்பது வயதைக் கடந்தவர்களும் முதலில் வாருங்கள். பெண்களுக்கு மக்தப் அறையில் பெண் பரிசோதகர்கள் இருக்கிறார்கள். யாஸீன் பெரியவர் முதல் வரிசையில் இருக்கிறார். அவரை அந்த முதல் நாற்காலியில் உட்கார வையுங்கள், அவருக்கு அடுத்து நான் அமர்கிறேன். வஸ்ஸலாம்.